பின்கதவு

கல்லுளிமங்கன் என்றுதான் மனைவி அவரைச் சொல்வாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில், தன் புருஷன் ராணுவத்துக்கு என்ன செய்து கொடுக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. "இந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள கல்லுல நார் உரிச்சிடலாம்" என்பாள். புராஜெக்ட் இன்ஜினியரான அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவர் பொறுப்பில் இருந்தது கவச வண்டியின் பின்கதவு. தொழிற்சாலையின் மட்டமான தரையில் லேசாகத் தள்ளினால் போதும், முழுக்கத் திறந்து கொக்கியில் மாட்டி நிற்கும். பார்வையிட வந்த பெரிய அதிகாரிகள் ஆளுக்கொரு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். முதல் வண்டிகள் படைக்குப் போயாயிற்று. மீதியை அனுப்பத் தேதியும் குறித்தாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் லீவில் வந்தான். படையில் டிரைவர், வாய் ஓயாத பிள்ளை. சாப்பிடும்போது ஆரம்பித்தான்.

"புது வண்டி குடுத்திருக்காங்க மாமா. எல்லாம் ஜோர். பின்கதவுதான் சனியன். மேட்டுல ஏத்தி நிறுத்தினா கொக்கி பிடிக்க மாட்டேங்குது. திறந்து வச்ச கதவு தானா வந்து அடிக்குது."

வண்டியைச் சரிவில் நிறுத்தி யாரும் சோதித்ததில்லை, அவரும்தான். எவ்வளவு மேடு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் தன் கதவு என்று தெரிந்துவிடும். ஆபீசில் போய்ச் சொன்னாலோ, உனக்கு யார் சொன்னது என்பார்கள், தேதியும் தள்ளிப்போகும். புகார் வருகிற வழியில் வரட்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வானேன்?

"வீட்ல வேலைப் பேச்சு வேண்டாம் மாப்ள. சாப்பிடு."

"அதானே, கல்லு வாயத் திறந்துட்டாலும்!" என்று மனைவி சொல்ல, அக்காளும் தம்பியும் சேர்ந்து சிரித்தார்கள்.

புகாருக்கு முன்னால் செய்தி வந்துவிட்டது. மேட்டில் நின்ற வண்டியில் ஏறும்போது கதவு வந்து அடித்து, மச்சினனுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

கொக்கியை மாற்றி, கூட ஒரு தடுப்பு வைத்தார். அரை நாள் வேலை, அவ்வளவுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மச்சினன் நேரே அக்கா வீட்டுக்குத்தான் வந்தான். அன்றைக்குச் சாப்பிட்ட அதே மேசையில் அவள் சோறு பிசைந்து ஊட்டினாள். கல்யாணம் ஆகவேண்டிய பையன், வாயைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவரால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"அந்தக் கதவை மாத்திட்டாங்களாம் மாமா. இப்ப மேட்டுல கூட அசையாம நிக்குதாம். எவனோ புண்ணியவான் யோசிச்சு செஞ்சிருக்கான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

"அது என் கதவுடா" என்றார்.

மனைவியின் கை பாதியில் நின்றது. மச்சினன் அக்காவைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"அப்ப நான் சரியான ஆளுகிட்டதான் சொல்லியிருக்கேன், இல்ல மாமா?"