முதல் ரொட்டி யாருக்கு

1996 ஆகஸ்ட் பதினாறாம் தேதி, ஆரோக்கியநாதர் திருநாளன்று, சப்பரத்தின் முன்னால் நின்றவர்கள் இவர்கள்: பங்குத்தந்தை சவரிமுத்து, எனக்குப் பங்காளி மகனும் திருவிழாக் கமிட்டித் தலைவருமான அருள் பிரகாஷ், பக்கத்து வீட்டு ஆரோக்கிய ஷீலா, கொட்டு அடிக்கும் மருது, சப்பரம் தூக்கும் எட்டுப் பேர், என் மருமகள் சிசிலியா, நான். நாயையும் சேர்க்க வேண்டும். அங்கே இல்லாதவர்கள்தாம் இன்று அதிகம் பேசுகிறார்கள். அதனால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

என் பெயர் அமலதாஸ். தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன். கானாடுகாத்தானுக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊர்க் கோயிலில் எங்கள் குடும்பத்துக்கு ஓர் உரிமை உண்டு. காலரா வந்த வருஷம், ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, வழியில் விழுந்துகிடந்த யாரோ ஒருவனுக்கு என் பாட்டனார் தன் கையால் ரொட்டி ஊட்டினார். அன்றிலிருந்து, திருநாளில் மந்திரித்த முதல் ரொட்டியை, இந்த ஊரில் யாருமற்ற ஓர் அந்நியருக்கு எங்கள் வீட்டுப் பெண்தான் கொடுப்பாள். அதன் பிறகே சப்பரம் நகரும். ஒரு வருஷம் தவறினாலும் உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். அடுத்த பங்காளி அருள் பிரகாஷ்.

முப்பத்தாறு வருஷம் அதைக் கொடுத்தவள் என் மனைவி அற்புதம்மாள். முந்தின வருஷம் இறந்துபோனாள். இனிக் கொடுக்க வேண்டியவள் சிசிலியா.

சிசிலியா ராஞ்சிப் பக்கத்துப் பெண். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். என் மகன் இமானுவேல் அங்கேயே அவளைக் கைப்பிடித்துவிட்டு எனக்குக் கடிதம் போட்டான். எல்லைக்கு மாற்றல் வந்ததும், டிசம்பரில், என்னிடம் கொண்டுவந்து விட்டுப் போனான். நான் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. வேறு சொல்லும் அதிகம் சொல்லவில்லை. ‘சாப்பிட வாரீகளா மாமா’ என்பதுதான் அவளுக்குத் தெரிந்த தமிழில் முக்கால் பங்கு. குழாயடிக்கு அவள் போனால் மற்றவர்கள் பேச்சு நின்றுவிடும். குடத்தை நிறைத்துக்கொண்டு நிமிர்ந்த தலையோடு திரும்புவாள். அது எனக்குப் பிடித்திருந்தது. சொன்னதில்லை.

ஏப்ரலில் எங்கள் கொல்லைக்கு ஒரு தெருநாய் வந்து சேர்ந்தது. செவலை, ஒரு காது கிழிந்தது, உடம்பெல்லாம் சொறி. எங்கள் வீட்டில் நாய் வளர்த்ததில்லை. வாசற்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள். படிக்குக் கீழே உட்கார்ந்து, கந்தகப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தினமும் அதற்குத் தடவினாள். தடவும்போது பாதி அவள் பாஷையிலும் பாதி தமிழிலும் ஓயாமல் பேசினாள். நாலு மாதமாக என் வீட்டில் கேட்காத குரல். சன்னலைச் சாத்தப் போனவன் சாத்தாமல் வந்துவிட்டேன்.

நாய்க்கு முடி முளைத்ததைச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஆரோக்கிய ஷீலா பார்த்தாள்.

“நாய்க்கே இந்தி வந்துருச்சு, எங்களுக்குத்தேன் ஒண்ணும் வரல. ஏத்தா, அந்த மருந்தை எங்க ஆட்டுக்குப் போடலாமா?”

“போடலாம். ஆடு நக்கக் கூடாது.”

“அப்ப அதை நீயே ஆட்டுக்கிட்டச் சொல்லிரு. நான் சொன்னாக் கேக்காது.”

சிசிலியா சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். ஆட்டுக்குப் பிறகு பிள்ளைகளின் சிரங்குக்கு வந்தார்கள். அருள் பிரகாஷின் மகனும் வந்தான். குழாயடியில் அவளுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

திருநாளன்று மதியத்திலிருந்து மழை. பிள்ளையார்பட்டி வழியாக வரும் பஸ் வரவில்லை. வருஷா வருஷம் வரும் யாத்திரிகர், பரதேசி ஒருவரும் இல்லை. ஐந்தரை மணிக்கு மழை விட்டது. பங்குத்தந்தை ரொட்டியை மந்திரித்துச் சிசிலியாவின் கையில் கொடுத்தார். வாங்கத்தான் ஆள் இல்லை.

“என்ன சித்தப்பா, வெளியாளை எங்குட்டுப் போயித் தேடுவீக?” என்றான் அருள் பிரகாஷ். “அதான் உங்க வீட்டுலயே ஒண்ணு வச்சிருக்கீகள்ல. அதையே திங்கச் சொல்லுங்க, சோலி முடிஞ்சுரும்.”

சிலர் சிரித்தார்கள். மருது கொட்டு அடிப்பதை நிறுத்திவிட்டார்.

“வாயை அளந்து பேசு தம்பி,” என்றாள் ஆரோக்கிய ஷீலா. “உன் மகன் சிரங்கை ஆத்துனது யாரு?”

“மருந்து போட்டா ஊர்க்காரி ஆயிருவாகளாக்கா?”

சிசிலியா அந்த ரொட்டியைத் தின்றால், என் மருமகள் வெளியாள் என்று ஊர் முன்னால் நானே ஒப்புக்கொண்டதாகும். தின்னாவிட்டால் பாட்டனார் காலத்து உரிமை அன்றோடு போகும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

“ரொட்டி உன் கையில இருக்குத்தா,” என்றேன். “குடுக்க வேண்டியவ நீ. யாருக்குன்னு நீயே சொல்லு.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சப்பரத்துக்கு அடியில் நனைந்துபோய் அந்தச் செவலை நாய் உட்கார்ந்திருந்தது. அவளுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது.

“நான் வெளியாள் இல்ல,” என்றாள், ஒவ்வொரு சொல்லாக. “நான் அமலதாஸ் வாத்தியார் வீட்டு மருமக. இதுக்குத்தான் ஊரும் இல்ல, வீடும் இல்ல. மாமா இன்னும் படி ஏற விடல.”

கூட்டம் சிரித்தது. இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. குனிந்து ரொட்டியை நாயின் முன்னால் நீட்டினாள்.

“நாய்க்கா? இது அடுக்குமா சாமி?” என்று அருள் பிரகாஷ் பங்குத்தந்தையிடம் திரும்பினான்.

அவர் சப்பரத்தை அண்ணாந்து பார்த்தார். தொடைப் புண்ணைக் காட்டி நிற்கும் ஆரோக்கியநாதர். அவர் காலடியில் வாயில் ரொட்டியோடு மரத்தில் செதுக்கிய நாய்.

“அவரு காலடியில இருக்கறது என்னப்பா, ஆடா? கொள்ளைநோய் வந்து காட்டுல கெடந்தப்ப அவருக்குச் சோறு போட்டது யாரு?”

மருது ஓங்கி அடித்தார். சப்பரம் நகர்ந்தது. என் அறுபத்தெட்டு வயதில் அன்றைக்குப் போல் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை. பக்கத்தில் என் மருமகள் நடந்தாள்.

முதல் ரொட்டி வாங்கியவரை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவது எங்கள் குடும்ப வழக்கம். வீட்டுக்கு வந்ததும் தலைவாசலின் இரண்டு கதவையும் திறந்தேன். நாய் படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதற்குச் சட்டம் தெரியும்.

“உள்ள கூப்பிடுத்தா,” என்றேன்.

இப்போது அது எங்கள் வீட்டு நாய். அடுத்த வருஷ ரொட்டிக்கு வேறு ஆள் தேட வேண்டும். உரிமை எங்களிடமே இருக்கிறது, கொடுப்பவள் சிசிலியா.

அந்த நாய் ரொட்டியைத் தின்னாமல் கவ்விக்கொண்டுபோய் ஆரோக்கியநாதர் காலடியில் வைத்தது என்று தேவகோட்டை வரை பேசுகிறார்கள். வைக்கவில்லை. தின்றுவிட்டது.