ஓட ஓட இடம் மாற்றுதல்

மையக் கணினியான சேர்வரின் விசிறி காலையிலேயே கரகரக்கத் தொடங்கிவிட்டது. கல்லடியிலுள்ள அந்தத் தனியார் கல்வி நிறுவனத்தின் கணினி அறையில், அதன் முன்னால் நின்று இன்ஷாப் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். பழைய சேர்வர் எந்த நேரமும் சூடேறி நின்றுவிடலாம். அதில் இருப்பதையெல்லாம் பக்கத்திலுள்ள புதியதற்கு மாற்றியாக வேண்டும், அதுவும் எதையும் நிறுத்தாமல்.

நிறுத்த முடியாததற்குக் காரணம் அங்கேயே படிக்கும் அவன் மனைவி நஸ்ஹா. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் அதன் வெள்ளம் எப்படி வடியும் என்று கணக்கிடும் அவளுடைய ஆய்வு அதில் நாட்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. இடையில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். திங்கட்கிழமை ஒப்படைக்க முடியாது. பட்டம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

மென்பொருளாலேயே ஆன கணினி ஒன்றை சேர்வருக்குள் உருவாக்கி மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நஸ்ஹா அதற்குள் தனக்கென்று இன்னொரு கணினியை உருவாக்கி, அதில்தான் ஆய்வை ஓடவிட்டிருந்தாள்.

மாணவர்களுக்குக் கொடுத்த அந்த வெளிக் கணினியை ஓட ஓட மாற்றுவது இன்ஷாபுக்குப் பழகிய வேலை. நேற்று ஒத்திகைக்காக வெறும் கணினி ஒன்றை மாற்றிப் பார்த்தான். சுகமாகப் போய்ச் சேர்ந்தது. இன்று எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஒத்திகைக் கணினிக்குள் சின்னக் கணினி ஒன்றை ஓடவிட்டு மாற்றினான். 'வெற்றி' என்றது திரை. வெளிக் கணினி உயிரோடு இருந்தது. உள்ளே இருந்தது மட்டும் உறைந்துபோயிருந்தது. திரும்பவும் செய்தான், திரும்பவும் உறைந்தது. நேற்றைய ஒத்திகையில் உள்ளே ஒன்றுமே ஓடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வெளியால பாத்தா எல்லாம் சரி மச்சான், உள்ளுக்கதான் ஆளில்ல," என்றான் கூட வேலை செய்யும் ஜெயரூபன். "கலியாணம் முடிச்ச நாளையில இருந்து நீயும் அப்பிடித்தான் இரிக்காய்."

இன்ஷாபுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏறாவூரிலிருந்து காத்தான்குடிக்கு, பெண் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான். ஊர் வழக்கப்படி மாமாவும் மாமியும் முன்வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் கட்டிய அறைக்குப் போய்விட்டார்கள். உம்மாவிடம் போய் ஓர் இரவு தங்கினால், சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டான் என்று ஊர் பேசும் என்று பயந்து அவன் போகவே இல்லை. மாமியோ வெள்ளிக்கு வெள்ளி, "மகன், உம்மாட்ட போகல்லியா?" என்று கேட்டார். போகச் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா? அவனுக்கு விளங்கவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

பகல் சாப்பாட்டோடு நஸ்ஹா வந்தாள். விஷயத்தைச் சொன்னான். அவள் பார்சலை மேசையில் வைத்தாள்.

"ஏன் இப்பிடிச் செய்யிது?"

"வெளிக் கணினி எங்க நிண்டதெண்டு எல்லாத்தையும் கொண்டு போகுது. உள்ளுக்கு இரிக்கிறது எங்க நிண்டதெண்டத விட்டுட்டுப் போகுது. மென்பொருள் பழசு. புதுசு போடுறெண்டா சேர்வர நிப்பாட்டணும்."

"சேர்வர நிப்பாட்ட வேணாம். எண்ட கணினிய மட்டும் நித்திர கொள்ள வெச்சா? மடிகணினிய மூடுறமே, அது மாதிரி. அப்பிடியே கொண்டு போய் மறுகா எழுப்புங்களன்."

இன்ஷாப் வாயைப் பிளந்து நின்றான். அந்தக் கட்டளை அவனுக்குத் தெரியும். எத்தனையோ தடவை போட்டிருக்கிறான். நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று காலையிலிருந்து ஓதியதில் அது தலைக்குள் வரவே இல்லை.

நஸ்ஹாவின் உள்கணினியை உறங்க வைத்தான். அதன் நினைவு முழுவதும் வெளிக் கணினியின் வன்வட்டில் பதிவானது. பிறகு வெளிக் கணினியை மாற்றத் தொடங்கினான். பாதி போனபோது பழைய சேர்வரின் விசிறி ஒரேயடியாக நின்றது. ஜெயரூபன் சுவரோரம் நின்ற மின்விசிறியை இழுத்துவந்து சேர்வரைப் பார்க்கத் திருப்பினான். "ஓடு ராசா, ஓடு," என்று அதனிடம் கெஞ்சினான்.

போய்ச் சேர்ந்தது. இன்ஷாப் உள்கணினியை எழுப்பினான். திரை கறுப்பாகவே இருந்தது. நஸ்ஹா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, ஆய்வு நின்ற வரிக்கு அடுத்த வரி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று கண்ணைத் துடைத்தாள். "நீங்களும் ஏறாவூருக்குப் போய் ரெண்டு நாள் நிண்டுட்டு வாங்க."

"மாமி என்ன நினைப்பாங்க?"

"உம்மாவா? எங்கிட சாப்பாடு பிடிக்கல்லியா, தாயோட கோவமா, ஏன் மகன் போறாரே இல்லண்டு கேட்டுக் கேட்டு என்னைத்தான் கொல்லுறா."

"அப்ப வெள்ளிக்கு வெள்ளி கேட்டது..."

"போயிட்டு வாங்கண்டுதான். வேறென்ன?"

"நீயும் வாறியா?"

"திங்கள் ஒப்படைச்சிட்டு வாறன். இப்ப சாப்பிடுங்க, சோறு ஆறுது."

சோற்றுப் பார்சலைப் பிரித்தான். மீன் ஆணக் குழம்பில் மாங்காய் கிடந்தது, உம்மா போடுவதுபோலவே.

"இத ஆரு ஆக்கின?"

"எங்கிட உம்மாதான். உங்கட உம்மாக்கு போனில கோல் எடுத்துக் கேட்டுக் கேட்டு ஆக்கினவ."

இன்ஷாப் ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாயும் சாப்பிட்டான். இது எந்த உம்மாவின் கை என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.