டிரம்ஸ் தடம்

மத்தளம் என்பது அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் இல்லை. வாலிபத்தில் ஒரு நியூ வேவ் ராக் குழுவில் டிரம்ஸ் அடித்ததால் ஒட்டிக்கொண்ட பட்டம். அந்தக் குழு போட்ட 'ஈரக் கண்ணாடி' என்ற ஒற்றைப் பாட்டு இசைத்தட்டை அன்றும் சீந்துவாரில்லை, இன்றும் சீந்துவாரில்லை. அதனால் என்ன? லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற இடத்தில்கூட, "அந்த அடி நம்ம கைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். மெஷின் அடித்த மாதிரி இருக்கிறதே என்று யாராவது கேட்டால், "அதான் நம்ம சுத்தம்" என்பார்.

இப்போது அதை யாரோ மறுபடி வெளியிடப் போகிறார்களாம். பழைய டேப்பைக் கேட்க மகளையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். அன்று குழுவில் கீபோர்டு வாசித்தவரான, மத்தளத்தின் அக்கா வீட்டுக்காரரும் வந்திருந்தார். வந்ததிலிருந்து மனிதர் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

டேப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தடம் உண்டு. "எங்கப்பாவ மட்டும் போடுங்க" என்றாள் மகள்.

ஒலிப்பதிவாளர் டிரம்ஸ் தடத்தைத் திறந்தார். வெறும் இரைச்சல். பக்கத்துத் தடத்தைத் திறந்ததும் அந்த அடி கணீரென்று வந்தது.

"இது டிரம் மெஷினுங்க. உங்க தடத்துல ஒண்ணுமே பதிவு பண்ணல."

மத்தளத்துக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குச் சட்டையைப் பிழிகிற அளவுக்கு அடித்தாரே, அதெல்லாம் எங்கே போனது?

"மச்சான்?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அடிக்கிறப்ப வேகம் கூடிக்கிட்டே போகும் மாப்ளே. முன்னாடியே மெஷின்ல போட்டுட்டோம். உன் மனசு நோகக் கூடாதுன்னு மைக்க வச்சோம், ஒயர மட்டும் சொருகல. சொல்ல வேணாம்னது உங்கக்காதான்."

அக்காவுமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். இத்தனை வருஷமாக இவர் பீற்றியதையெல்லாம் தெரிந்தே கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். மகளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இருங்க, அதே ரூம்ல பாடகரோட மைக் திறந்தே இருந்திருக்கு" என்று ஒலிப்பதிவாளர் இன்னொரு தடத்தைத் திறந்தார். பாட்டுக்குப் பின்னால், அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுவதுபோல, ஒரு டிரம்ஸ் கேட்டது. போகப் போக வேகம் கூடி, பாட்டுக்கு முன்னாலேயே முடிந்தும் போனது. ஒரு வாலிபக் குரல் மூச்சு வாங்கக் கேட்டது.

"நல்லா வந்துச்சா மச்சான்?"

"பின்னிட்ட மாப்ளே."

"அருமைடா தம்பி" என்றது அக்காவின் குரல், கைதட்டலோடு.