இரண்டாவது சரணத்தில் ஒன்றரைக் கட்டை

பாலக்கரை ரெஜினா டீச்சர் வீட்டில் விலைக்கு இருந்த சின்தசைசரில் இன்று ஒரு கட்டையை அழுத்தினால் அதன் சத்தம் நேற்றே கேட்டிருக்கும். விளம்பரத்தில் இதை ஒளிக்காமல் போட்டிருந்தார்கள். ஜப்பான் தயாரிப்பு, நாற்பது வருடப் பழசு, ஒரே வீட்டில் இருந்தது, ஒரு நாள் முன்னதாக ஒலிக்கும், நேரில் பார்க்க மாலை நான்கு மணி.

அதை ஐந்து முறை படித்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிக்கிறவன். என்னிடம் இருக்கும் கீபோர்டில் அறுநூறு வாத்தியங்களின் சத்தம் உண்டு, எல்லாம் அழுத்திய உடனே வந்துவிடும். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற ஆளிடம் நமக்கு என்ன ஆசை இருக்கும்? இந்த மாதிரி ஒன்றை இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தால் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் உறையூரிலிருந்து பஸ் ஏறினேன்.

டீச்சர் வீட்டு ஹாலில் குலோத்துங்கன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். எனக்கு ஏறிய உற்சாகம் எல்லாம் அங்கேயே ஒரு படி இறங்கியது.

நானும் அவனும் செவ்வந்தி மெல்லிசைக் குழுவில் பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள். அடைக்கலம் அண்ணன்தான் குழுவை நடத்தினார், அவர்தான் பாடினார். எங்கள் வரவேற்புப் பாட்டு அவரே மெட்டுப் போட்டது. போட்டவருக்கே இரண்டாவது சரணத்தில் உச்சம் எட்டாது. அதனால் ஓர் ஏற்பாடு இருந்தது. அண்ணன் இடது காதைத் தொட்டால் நாங்கள் இருவரும் சுருதியை அரைக் கட்டை இறக்கிவிட வேண்டும். லால்குடியில் ஒரு கல்யாணத்தில் அவர் காதைத் தொட்டார். குலோத்துங்கன் இறக்கினான். நான் இறக்கவில்லை, ஏனென்றால் அவர் காதில் கொசு உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். மேடையில் நடந்த அசிங்கத்தைச் சொல்லி முடியாது. கொசு இருந்தது என்றேன் நான். இல்லை என்றான் அவன். பதினோரு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணன் இறந்தபோதுகூட பந்தலின் இரண்டு ஓரத்தில் நின்றுவிட்டு ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்குப் போனோம்.

ரெஜினா டீச்சர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றுக்கும் குரோஷா உறை போட்டிருந்தார். சின்தசைசருக்கும் அப்படித்தான், வெள்ளை உறையில் ரோஜாப் பூக்கள். அதை அவர் விலக்கியதும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் தேக்கு மரம். கட்டைகள் லேசாக மஞ்சளித்திருந்தன. திருகு குமிழ்களில் ஒன்று போய்விட்டதால் அந்த இடத்தில் பற்பொடி டப்பாவின் மூடி இருந்தது. இதைவிட அழகான பொருளை நான் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுக்காரர் தினமும் நாலு மணிக்கு உக்காந்து வாசிப்பாரு. அதனால முந்தின நாள் நாலு மணிக்கே கேட்டுடும்," என்றார் டீச்சர். "ஒரு திங்கக்கெழமை நாலு மணிக்குச் சத்தமே வரல. அவரே வேட்டி சட்டைய எடுத்துத் தேச்சு வச்சுட்டாரு. நான் மறுநாளைக்கு ஸ்கூலுக்கு லீவு சொன்னேன்."

"அப்பறம் யாரு வாசிக்கிறா டீச்சர்?" என்றான் குலோத்துங்கன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. நாலு மணிக்குத் துணியால தொடைப்பேன். தொடைக்கிற சத்தம்தான் ஆறு வருஷமா வருது."

சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது. டீச்சர் துணியை எடுத்து இடது கோடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். முந்தின நாள் ஒலித்த சத்தத்துக்கு அன்று துடைத்தாக வேண்டும், அதில் அவர் ஒழுங்கானவர். துணி ஒவ்வொரு கட்டையாக நகர்ந்துகொண்டிருந்தபோது பெட்டியிலிருந்து எங்கள் வரவேற்புப் பாட்டு கிளம்பியது.

அந்தப் பாட்டு கேசட்டில் வந்ததில்லை, யாரும் எழுதி வைக்கவும் இல்லை. அது தெரிந்த விரல்கள் உலகத்தில் என்னுடையவையும் குலோத்துங்கனுடையவையும்தான். நாளை நான்கு மணிக்கு எங்களில் ஒருவன் இதை வாசிக்கப் போகிறான். அதாவது எங்களில் ஒருவன் இதை வாங்கிவிட்டான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு என்னைத் தேடினேன். பல்லவியின் முடிவில் ஒரு சின்னக் குழைவு வந்தது, அது என்னுடையது. எழுந்து நின்றேன். அடுத்த வரியில் தாளத்தை ஒரு துளி முந்திக்கொண்டு ஒரு தாவல் வந்தது. பதினான்கு வருடம் என் உயிரை வாங்கிய அந்த அவசரம் குலோத்துங்கனுடையது. அவனும் எழுந்து நின்றான்.

"ஒரே நேரத்துல பதினாலு கட்டை," என்றார் டீச்சர் துடைத்துக்கொண்டே. "ஒரு ஆளுக்குப் பத்து வெரல்தான். ரெண்டு பேரும் சேந்து வாங்கறீங்க போல."

"அவருகூடச் சேந்து வாங்கறதா இல்லைனு சொல்லுங்க டீச்சர்," என்றேன்.

"கொசுப் பிடிக்கிறவருகூட எனக்கும் வேலை இல்லைனு சொல்லுங்க," என்றான் அவன்.

டீச்சர் இருவருக்கும் சொன்னார். எதிரெதிரே நின்றவர்களுக்கு அதைத் திரும்பச் சொல்வதில் அவருக்கு எந்தச் சலிப்பும் இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. அவ்வளவு ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதில் பாதி இவனுக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரவும் முடியும். டீச்சர் அதையும் விளக்கினார். அவர் கணவருக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து, ஒலித்துவிட்டதை மறுநாள் அழுத்த முடியாமல் போயிற்றாம். பெட்டி ஒன்பது நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம், பிறகு தானே சரியாகிவிட்டதாம். ஆகவே ஒலித்துவிட்டது என்பதற்காக யாரும் வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை.

அப்போது இரண்டாவது சரணம் வந்தது. சுருதி இறங்கியது.

நானும் குலோத்துங்கனும் பெட்டியையே பார்த்தோம். இறங்கியது அரைக் கட்டை இல்லை, ஒன்றரைக் கட்டை. இரண்டு பேர் கையும் ஒன்றாக, சுத்தமாக இறங்கியிருந்தன. நாங்களாக இறக்க மாட்டோம். எங்கள் இருவருக்கும் அந்த இடம் இறங்கினால் பிடிக்காது. காதைத் தொடுகிற ஆள் எதிரில் நின்றால்தான் இறக்குவோம்.

"அண்ணன் வர்றாரு," என்றான் குலோத்துங்கன். டீச்சர் வழியாக இல்லாமல் நேராக என்னிடம் சொன்னான்.

"ஒன்றரை ஏன்?"

"மூணு வருஷமா பாடலையில்ல. தொண்டை கட்டாம என்ன செய்யும்?"

அது நியாயமாகத்தான் இருந்தது. பாட்டு முடிந்தது. டீச்சர் கடைசிக் கட்டையைத் துடைத்து, துணியை உதறி மடித்தார்.

"டேய் மணி," என்றான் குலோத்துங்கன். "நாம இத வாங்கலைன்னா அந்த மனுஷன் கெளம்பி வந்து யாரு வீட்டு வாசல்ல நிப்பாரு?"

பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்த டேயைக் கேட்டேன். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டே சந்தோஷமாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என் வீட்டுல வச்சுக்கலாம்," என்றேன். "நான் தனியாத்தான் இருக்கேன்."

டீச்சர் குரோஷா உறையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அவர் நாளையிலிருந்து நான்கு மணிக்கு வாக்கிங் போகலாம் என்று இருந்தார்.

மறுநாள் காலை லோடு ஆட்டோவில் அதை ஏற்றி வந்தோம். குலோத்துங்கன் பின்னால் உட்கார்ந்து, குழந்தையைப் பிடிப்பதுபோல வழி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டான். மாடிப்படியில் ஏற்றும்போது அவன் கால் என் கால்மேல் பட்டது, இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை. மதியத்திலிருந்து எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவன் மூன்று முறை ஜன்னலைத் திறந்து மூடினான். நான் கொசுவர்த்தி ஏற்றி வைத்தேன். அவன் அதை அண்ணன் நிற்கப்போகிற இடத்துக்கு அருகே நகர்த்தி வைத்தான்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அடைக்கலம் அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கர்ச்சீப். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக விட்டார்.

"மாடி வீடா புடிச்ச? படி செங்குத்தா இருக்குதேப்பா," என்றார்.

"வாங்கண்ணே. டீ சாப்பிடறீங்களா?"

"பாடி முடிச்சுச் சாப்பிடறேன். சக்கரை கம்மியா." பற்பொடி டப்பா மூடியை இலேசாகத் திருகிப் பார்த்தார். "நல்ல மெஷினா இருக்கு."

நான்கு மணிக்கு நாங்கள் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தோம். எங்கள் விரலுக்கு உரிய சத்தம் நேற்று டீச்சர் வீட்டில் ஆகிவிட்டது. இப்போது பெட்டியிலிருந்து வந்தது நாளை வாசிக்கப்போவது. அதுவும் அதே பாட்டுதான். ஆகவே அண்ணன் அதோடு சேர்ந்து பாடுவதில் ஒரு சிக்கலும் இல்லை. குரல் கொஞ்சம் கரகரத்தது, பல்லவியில் எங்கள் முன்னால் நின்று கையை விரித்து, இல்லாத மணமக்களை வரவேற்றார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் குலோத்துங்கன் மூக்கை உறிஞ்சினான், அதிலும் தாளத்தை ஒரு துளி முந்தினான்.

இரண்டாவது சரணம் வந்தது. அண்ணன் இடது காதைத் தொட்டார். கொசுவுக்கு இடமே இல்லை. எங்கள் நான்கு கையும் ஒன்றாக ஒன்றரைக் கட்டை இறங்கின.

பெட்டி இறங்கவில்லை.

நாளைய பாட்டு இரண்டாவது சரணத்தில் அசல் சுருதியிலேயே நேராக மேலே போனது. அண்ணன் பாடுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். நாங்கள் விரலை எடுக்காமல் கடைசிவரை வாசித்து முடித்தோம், ஒலித்ததை அழுத்தியாக வேண்டும்.

"நாளைக்கு எறக்க மாட்டீங்க போலயே," என்றார்.

"ஆமாண்ணே," என்றேன்.

நாளை நாங்கள் இறக்காமல் வாசிப்பதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். ஒன்று, அண்ணனுக்கு உச்சம் எட்டிவிடும். இன்னொன்று, அண்ணன் இருக்க மாட்டார். எனக்கு இரண்டும் தோன்றின. குலோத்துங்கனுக்கும் தோன்றியிருக்க வேண்டும், அவன் குனிந்து கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், கர்ச்சீப்பைக் கழுத்திலிருந்து அவிழ்த்து மடித்து மேஜைமேல் வைத்தார்.

"டீ வேணாம்," என்றார். "வெந்நி வச்சு உப்புப் போட்டுக் குடு. இன்னிக்கு இங்கயே படுத்துக்கறேன். பாய் இருக்குதா?"

"ரெண்டு இருக்குண்ணே."

"மூணு வேணும்," என்றான் குலோத்துங்கன்.

எதிர்வீட்டில் ஒரு பாய் கேட்டு வாங்கி வந்தேன். அதற்குள் குலோத்துங்கன் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டான். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் தொண்டையைக் கொப்பளிக்கத் தொடங்கினார். முதல் வாயில் சுருதி கீழேயே கிடந்தது. இரண்டாவது வாயில் கொஞ்சம் ஏறியது. நாங்கள் கதவுக்கு வெளியே பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றோம். ஆறாவது வாயில் இரண்டாவது சரணத்தின் உச்சத்தைத் தொட்டு, துப்பாமல் அங்கேயே நிறுத்தினார். குலோத்துங்கன் கக்கத்துப் பாயில் கட்டையை அழுத்துவதுபோல விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டு இன்னொரு சொம்பு வெந்நீர் வைக்கப் போனான்.