முகம் பார்க்கிற வேலை

ஊரில் இருப்பவர்களின் வயிற்றையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்த கண் அவளுக்கு. ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி அறையில் உதவியாளர் வேலை. டாக்டர் வாய்வழியாகக் குழாயை இறக்குவார். நுனியில் இருக்கிற பொட்டளவு கேமரா உள்ளே இருப்பதைத் திரையில் காட்டும். நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வதும், அப்புறம் குழாயைக் கழுவிக் கழுவித் தொங்கவிடுவதும் இவள் பாடு.

புருஷனுக்கும் கேமராதான் சோறு போடுகிறது. பெரிய கடையொன்றில் கூரைக் கேமராக்கள் காட்டுவதை நாள் முழுக்கப் பார்த்துத் திருடர்களைப் பிடிக்க வேண்டும். "கையைப் பார்த்தா ஏமாந்துடுவோம். மூஞ்சியப் பார்க்கணும். எடுத்த ஆளோட மூஞ்சி கொஞ்சம் அதிகமாவே சாதாரணமா இருக்கும்" என்பான்.

வீட்டுக்கு வந்தால் இருவரும் டிவியைத் தொட மாட்டார்கள். மகள் செல்ஃபி எடுக்க போனை நீட்டினால், "ஆளை விடு தாயே" என்று கும்பிடு போடுவார்கள்.

ஒருநாள் அவன் சொன்னான். "இடுப்புல குழந்தையோட ஒருத்தி. பால்பவுடர் டப்பாவைத் துணிக்குள்ள வெச்சா. நான் வேற திரையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டேன்."

"அப்போ பிடிக்கலையா?"

"பிடிச்சேன். பிடிச்சது அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அப்படிப்பட்ட மனுஷன் கொஞ்ச நாளாகச் சோற்றைப் பாதியில் ஒதுக்குகிறான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறான். கேட்டால், "வயித்துல கேஸு" என்று ஒரே பல்லவி.

"கண்டவங்கெல்லாம் எங்கிட்ட வயித்தைக் காட்டுறாங்க. கட்டின மனுஷன் உங்களுக்கு மட்டும் என்ன கேடு?" என்று கத்தினாள். அழுதாள். பட்டினி கிடந்தாள். வேலை முடிந்து வந்து இதற்கும் தெம்பு வேண்டுமே! கடைசியில் அவன் இறங்கி வந்தான், ஒரு நிபந்தனையோடு.

"நீதான் என் முன்னாடி நிக்கணும். டாக்டர் பூசி மெழுகுவார். உன் மூஞ்சி சொல்லிடும்."

திரையில் என்ன தெரிந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம். படுத்திருப்பவருக்குத் திரை தெரியாது, உதவியாளரின் முகம்தான் தெரியும். எத்தனையோ பேரை அப்படி ஏமாற்றியிருக்கிறாள். ஆனால் இவனையா?

குறித்த நாளில் அந்த அறைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தான். பல்லிடுக்கில் வளையம் வைத்தாகிவிட்டது, பேச முடியாது. கண்கள் மட்டும் அவள் முகத்திலேயே இருந்தன.

குழாய் இறங்கியது. முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இரைப்பையின் வளைவில் திரும்பியதும் வந்தது அது. மேடு தட்டிய ஓரம், நடுவில் அழுக்கு வெள்ளையாக ஒரு குழி. இந்த மாதிரிப் புண்களை அவள் பார்த்திருக்கிறாள். பிறகு ரிப்போர்ட்டில் என்ன வந்தது என்பதும் தெரியும். டாக்டர் கையை நீட்டினார். சதை கிள்ளும் இடுக்கியை எடுத்துக் கொடுத்தாள். ஐயோ, ஐயோ என்று உள்ளுக்குள் ஒரே கூச்சல். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

எல்லாம் முடிந்து வெளிக்கட்டிலில் உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டான். தொண்டை மரத்துப் பேச்சு குழறியது.

"என்னவாம்?"

"புண்ணுதான். கண்ட நேரத்துல சாப்பிட்டா வேற என்ன வரும்? மாத்திரையில ஆறிடும்." சொல்லிவிட்டுச் சிரித்தும் வைத்தாள்.

அவன் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, எதிரே ஒன்றுமே இல்லாத சுவரைப் பார்க்க ஆரம்பித்தான்.

"அப்பாடா" என்றான். "நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

பால்பவுடர்காரியை விட்டதுபோல் தன்னையும் விட்டுவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. அவன் செருப்பைக் காலருகே நகர்த்தி வைக்கக் குனிந்தாள். நிமிர முடியவில்லை.