பின்சக்கரத்துச் சத்தம்

மாமனாரும் மாப்பிள்ளையும் ஏழு வருஷமாகப் பேசிக்கொண்டது மொத்தத்தையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். "வாங்க மாப்ளே." "நல்லா இருக்கீங்களா மாமா?" "சாப்பிட்டுத்தான் போகணும்." "ஆகட்டும் மாமா." அதற்குமேல் இருவரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். மாமனார் முப்பத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கத்திப் பேசாவிட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. இப்படி இரண்டு பேரை ஒரு ஹாலில் உட்காரவைத்தால் வேறென்ன நடக்கும்?

இவர்களைப் பேச வைத்தது ஒரு பேரிங்.

கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருந்தார். இரண்டே சீட்டு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதில் ஏற உட்காரத் தெரிந்தால் போதாது, விழத் தெரிய வேண்டும். வேகம் அறுபதைத் தொட்டதும் பின்பக்கத்திலிருந்து 'ஙொய்' என்று ஒரு சத்தம் கிளம்பும். குழந்தையோடு மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு சீட்டு வண்டி எதற்கு என்று மகள் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயார், சத்தம் மட்டும் நிற்க வேண்டும். "சத்தம் நின்ன மறுநாள் வண்டி கைமாறணும்" என்றாள். மாப்பிள்ளை தலையாட்டினார். அவர்களுடைய அடுக்குமாடியில் ஜாக்கி வைக்க இடமில்லை. வண்டி மாமனார் வீட்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமியார் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விடுவார். அவர் இன்னும் ரிட்டயர் ஆகாத நர்ஸ். வீட்டில் மாமனாரும் ஷெட்டும்தான். மாப்பிள்ளை காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார், கையில் அந்த வண்டியின் ரிப்பேர் புத்தகத்தோடு. தலையணை கனத்துக்கு இருக்கும். மாமனாருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"பஸ்ஸுக்கெல்லாம் இப்படிப் புஸ்தகம் பாத்துக்கிட்டு இருந்தா, ஊரே நடந்துதான் போயிருக்கும் மாப்ளே."

"சும்மா ஒரு துணைக்கு மாமா."

முதலில் எஞ்சின் பக்கத்திலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டின் நடு பேரிங்கைக் கழற்றினார்கள். தண்டு இரண்டு துண்டு. எந்த நிலையில் பிரித்தார்களோ அதே நிலையில் சேர்க்காவிட்டால் வண்டி முழுக்க உதறும். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து இரண்டு துண்டிலும் கோடு போட்டார். பொண்டாட்டியின் நகச்சாயம். மாமனார் சிரித்த சிரிப்பில் ஸ்பானர் கைநழுவி நெற்றியில் விழுந்தது.

சத்தம் நிற்கவில்லை. அடுத்து இடது பின்சக்கரம், அப்புறம் வலது. பழைய பேரிங் துருவேறி ஒட்டிக்கொண்டு, இழுத்துக் கழற்றும் புல்லருக்கும் மசியவில்லை. சூடுகாட்டி, கெஞ்சி, திட்டி வெளியே எடுத்தார்கள். புதுசைக் குளிரவைத்தால் கொஞ்சம் சுருங்கி லேசாக உள்ளே இறங்கும் என்று முந்தின நாளே ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் மாமனார். அன்று ராத்திரியே டியூட்டி முடிந்து வந்த மாமியார் ஐஸ் எடுக்கப் போய், "இது யாருக்கு வெச்ச பதார்த்தம்?" என்று கேட்டார்.

வண்டிக்குக் கீழே படுத்தபடி பேசினார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதாலோ என்னவோ, பேச்சு தானாக வந்தது. டிப்போ சரிவில் டிரைவர் இல்லாத பஸ் ஒன்று பின்னால் உருண்டுபோய் மேனேஜர் அறைக்குள் எட்டிப் பார்த்த கதையை மாமனார் சொன்னார். படிக்கும்போது ஒரே பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டதை மாப்பிள்ளை சொன்னார். "உங்க மகளுக்கே தெரியாது மாமா" என்றார். மாமனாருக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. அன்று முழுக்க அவர் மனசு நிறைந்திருந்தது.

வலது சக்கர பேரிங் மாட்டிய மத்தியானம் இருவரும் வண்டியை வெளியே எடுத்தார்கள். அறுபது. எழுபது. சத்தம் இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நாளைக்கு வண்டி போய்விடும். அடுத்த ஞாயிறு மாமனாரும் ஷெட்டும் மட்டும்.

"இன்னும் லேசா இருக்கே மாப்ளே" என்றார்.

மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஆமா மாமா. லேசா இருக்கு."

மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது மாமா சொல்லிவிட்டாரே என்ற மரியாதைக்குப் போட்ட தலையாட்டலா, இல்லை இந்த மனுஷனுக்குக் காது அவ்வளவுதானா? கேட்டுவிடலாம். கேட்டால் தன் பொய்யும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

பொய்க்கு வேலை கொடுக்க வேண்டுமே! தண்டின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கரப் பெட்டியை, கிரவுன் பினியன் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு குறையும் இல்லாத பெட்டி. உள்ளே இருந்த பேரிங் இரண்டும் பளபளவென்று இருந்தன. "தேய்ஞ்சிருக்கு" என்றார் மாமனார், கண்ணைச் சிமிட்டாமல். மாப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா, தேய்ஞ்சிருக்கு மாமா" என்றார்.

புதுசு மாட்டும்போதுதான் வம்பு பிறந்தது. பஸ்ஸில் இந்த இடத்தில் மெல்லிய தகடுகள் வைத்து அளவு பிடிப்பார்கள். இறுக்கம் கூடிப்போனால் ஒரு தகடு சேர்த்துக்கொள்ளலாம். இந்தக் காரில் தகடு இல்லை. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய குழல். நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கிக்கொடுத்து அளவுக்கு வரும். ஒரு நூல் கூடுதலாக நசுங்கினாலும் போச்சு. நட்டைத் தளர்த்தினால் குழல் நிமிராது, எல்லாம் ஆட்டம் கண்டுவிடும். நீளக் கம்பியைப் போட்டு முறுக்கிக்கொண்டே மாமனார் ஏதோ ஒரு டிப்போக் கதையில் இருந்தார். நட்டு கொஞ்சம் ஓடிவிட்டது. "பரவால்ல" என்று, முப்பத்தாறு வருஷப் பழக்கத்தில், கால் சுற்று பின்னால் திருப்பினார். மாப்பிள்ளை புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார்.

பல் டாக்டர் பொறுமை இழந்து அன்று சாயங்காலமே வந்து நின்றார். மகளும் கூடவே வந்தாள். டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியபோதே கேட்டது. இப்போது நாற்பதிலேயே ஊளை. திரும்பி வந்தவர் சாவியை மகள் கையில் கொடுத்து, "அடுத்த ஞாயிறு வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேற வண்டி பாத்துக்கறேன்" என்று கிளம்பினார்.

"நாலு மாசமா ரெண்டு பேரும் என்னதான் பண்ணீங்க?" என்று மகள் கேட்டாள். அவள் விருட்டென்று உள்ளே போனாள்.

மாமனார் மெதுவாகக் கேட்டார். "அந்தக் குழல் விஷயம் புஸ்தகத்துல போட்டிருந்துதா?"

"போட்டிருந்துது மாமா. கொட்டை எழுத்துல."

"ஏன் சொல்லல?"

"நீங்க கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

மாமனாருக்கு வெட்கமாக இருந்தது. டிப்போவை விட்டு ஒரு வண்டியையும் அவர் குறையோடு அனுப்பியதில்லை. இப்போது நன்றாக இருந்த ஒன்றைத் தானே கெடுத்து, மகள் முன்னால் நிற்கிறார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு புதுக் குழல் வந்தது. இந்தத் தடவை மாப்பிள்ளை புத்தகத்தைப் படிக்க, மாமனார் கேட்டுக்கேட்டு முறுக்கினார். ஒரு இழுப்பு, கையால் சுற்றிப் பார்ப்பது, மறுபடி அரை இழுப்பு. கதையே இல்லை. மூன்று மணி நேரத்தில் முடிந்தது. டாக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

மாப்பிள்ளை ஓட்ட, மாமனார் பக்கத்தில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். நாற்பது. அறுபது. எண்பது. ரோடு டயரில் உரசுவது மட்டும் கேட்டது.

"நின்னுடுச்சு மாப்ளே" என்றார்.

மாப்பிள்ளை வேகத்தைக் குறைக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், "எனக்கென்னவோ லேசா இருக்கிற மாதிரி இருக்கு மாமா" என்றார்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அப்படியானால் அன்றைக்கும் இவருக்குத் தெரியும். தலையாட்டியது மரியாதைக்காக இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைகள் இவருக்கும் வேண்டியிருந்திருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கியர்பாக்ஸ் ஒன்று இன்னும் பிரிக்காமல் இருக்கிறது, மூணு மாசம் ஓடிவிடும். ஆனால் நல்ல பேரிங்கை இன்னொரு தடவை கெட்டது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வீட்டில் மகள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

"இல்ல மாப்ளே. சத்தமே இல்ல. அன்னிக்கும் இல்ல. நான்தான் உங்க காதுல பூ சுத்தினேன்."

"தெரியும் மாமா."

மாப்பிள்ளை வண்டியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. இரண்டு பேரும் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர் வந்ததும் சாவியைக் குடுத்துடுங்க" என்றார் மாமனார்.

"சரி மாமா."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க."

"வண்டி இருக்காதே மாமா. வந்து என்ன பண்றது?"

எந்த வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாலும் மாமனாரிடம் பதில் இருந்திருக்கிறது.

"தெரியல" என்றார். "வாங்க."