கஞ்சிதான் சார்

சௌந்தரம் காவலுக்கு உட்கார்ந்தால் எமன்கூட அவளைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். கடலூரில் அந்த ஆஸ்பத்திரி வார்டில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். தானே புயல் அடித்து ஓய்ந்த சமயம். தம்பி இளவரசுக்குக் குடல் ஓட்டையாகி ஆபரேஷன் ஆனதிலிருந்து சிதம்பரத்து வீட்டை அப்படியே போட்டுவிட்டு வந்து கிடந்தாள். அவன் பெண்டாட்டி நிறைமாதம், திட்டக்குடியில் தாய் வீட்டில் இருக்கிறாள். அம்மா செத்த பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். வேறு யார் வந்து பார்ப்பார்கள்?

அவள் பத்தியம் பொல்லாத பத்தியம். முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், பருப்பு வாயு, பால் சளி, மீன் பேச்சையே எடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த முட்டையையும் பாலையும் அடுத்த கட்டில்காரருக்குத் தள்ளிவிட்டாள். அந்த மனுஷர் தின்று தேறி, மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பஸ் ஏறிப் போயே போய்விட்டார். இளவரசின் தையல் மட்டும் வாய் பிளந்து கிடந்தது. புண் ஆறவில்லையென்றால் என்ன அர்த்தம்? பத்தியம் போதவில்லை என்றுதானே! கஞ்சியை இன்னும் நீர்க்கக் கரைத்தாள். ரசத்தையும் நிறுத்தினாள்.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்கள், "என்னம்மா சாப்பிடுறாரு?" என்பார்கள்.

"கஞ்சிதான் சார். வேற ஒண்ணும் குடுக்கல."

பரீட்சையில் முதலாவதாக வந்தவள்போல் நிமிர்ந்து சொல்வாள். அவர்களும் தலையாட்டிவிட்டு நகர்வார்கள். ஒருத்தராவது நின்று, ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, புண்ணியவான்கள்.

கேட்டவள் வெண்மதி. நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கப் புதிதாக வந்த டயட்டீஷியன். இளவரசின் மேல்கையை டேப்பால் சுற்றி அளந்தாள். போர்வையை விலக்கியவள் அப்படியே நின்றாள்.

"அரணாக்கயிறு எப்பவும் இப்படித்தான் தொங்குமாக்கா?"

"நான்தான் முடிச்சு மேல முடிச்சு போட்டு இறுக்குறேன். ஆனா மொகத்தப் பாரும்மா, காலப் பாரு. பூசினாப்புல இருக்கான். எடகூட கொறையல."

வெண்மதி அவன் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மேலே எழும்பவில்லை.

"இது சதை இல்லக்கா, தண்ணி. சதையெல்லாம் கரைஞ்சு போச்சு. அத மறைக்கிற மாதிரி தண்ணி கோத்துக்கிச்சு. எடைய நம்பாதீங்க. இவரு பட்டினி கெடக்குறாரு. அதனாலதான் புண்ணு ஆறல."

பட்டினி. வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வெண்மதி பேசியது எதுவும் சௌந்தரத்தின் காதில் சரியாக ஏறவில்லை. வெண்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சொன்னாள்.

"அவசரப்பட்டு ஜாஸ்தியா குடுத்துடாதீங்க. காஞ்ச உடம்பு, திடீர்னு நெறைய போனா ரத்தத்துல உப்புச் சத்தெல்லாம் எறங்கிடும். இதயம் தாங்காது. நான் அளந்து தர்ற சத்துக் கஞ்சிய மட்டும் குடுங்க. மெதுவா ஏத்தலாம்."

மெதுவாகவாம்! பட்டினி கிடக்கிற பிள்ளைக்கு ஸ்பூனால் ஊற்றுவதாம். விடியற்காலையில் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். சோறு வடித்தாள், சங்கராமீன் குழம்பு வைத்தாள், முட்டை அவித்தாள். தூக்கைப் பையில் துணிக்கடியில் மறைத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தாள்.

"அக்கா, அந்த மேடம் வேணாம்னாங்களே."

"அவ கெடக்குறா. வாயத் தொறடா."

திறந்தான். எத்தனை நாள் பசி! உருண்டை உருண்டையாக உள்ளே போனது. அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அவளுக்கும்தான். மறுநாளும் கொண்டுவந்தாள், அதற்கு மறுநாளும்.

ஞாயிற்றுக்கிழமை, வெண்மதி வராத நாள். மத்தியானச் சோறு உள்ளே போன கொஞ்ச நேரத்தில் இளவரசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். மூச்சு இரைத்தது. கையும் காலும் வெடவெடத்தன. டூட்டி டாக்டர் செம்பியன் ஓடிவந்தார்.

"வெண்மதி மேடம் சாப்பாட்டு அளவ எழுதி வெச்சிருக்காங்க. அவங்க சொன்ன அளவுக்கு மேல எதாவது குடுத்தீங்களா? குடுத்திருந்தா அதுக்குத் தனி மருந்து, ஒடனே ஏத்தணும். இல்லன்னா இது வேற ஏதோ. உண்மையச் சொல்லுங்கம்மா."

வார்டு முழுக்க அவளைப் பார்த்தது. தம்பியைப் பட்டினி போட்டவள் என்று ஏற்கெனவே பேராகிவிட்டது. இப்போது சோறு போட்டும் கொன்றாள் என்பார்களா? கால் தானாகவே தூக்கைக் கட்டிலுக்கடியில் தள்ளியது. வாயும் தானாகவே திறந்தது.

"கஞ்சிதான் சார். வேற ஒண்ணும் குடுக்கல."

டாக்டர் இளவரசின் மேல் குனிந்தார். "நீங்க சொல்லுங்க. கஞ்சி மட்டும்தானா?"

அவன் அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் அவன் உடைத்த பானைக்கெல்லாம் அடி வாங்கியவள் அவள். இழுத்த மூச்சுக்கு நடுவில் தலையாட்டினான்.

"ஆமா சார்... கஞ்சிதான்."

"அப்ப நெஞ்சுல ரத்தக்கட்டி அடைச்சிருக்கும். ஸ்கேனுக்குக் கொண்டு போங்க, சீக்கிரம்."

ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டிப் போகிறவரை சௌந்தரம் வாயைத் திறக்கவில்லை.